பாட்டு மனப்பாடத்தைப் பாதிக்குமா என்ற ஆய்வுக்குக் காட்பாடி ஸ்டேஷனில் பிடித்த 60 பேர் சமவாய்ப்பு மாதிரி (random sample) ஆகுமா?

ஆகாது. பிளாட்பாரத்தில் கண்ணில் பட்டவர்களைக் கேட்டுச் சேர்த்தது வசதி மாதிரி. சமவாய்ப்பு என்றால் வேலூர் மாவட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும். ரயிலே ஏறாத குடியாத்தம் தறிக்காரர் உங்களிடம் மாட்ட வழியே இல்லை. ஆய்வேட்டில் 'சமவாய்ப்பு மாதிரி' என்று நீங்கள் எழுதிய வரியைக் கைடு அடித்தது சரிதான்.

குழப்பம் இங்கேதான் வந்திருக்கும்: பாட்டுக் கேட்டபடி சொற்களை மனப்பாடம் செய்ய ஒரு குழு, பாட்டில்லாமல் ஒரு குழு என்று பிரித்தீர்களே, யார் எந்தக் குழு என்பதைக் காசு சுண்டி முடிவு செய்திருந்தால் அது சமவாய்ப்பு ஒதுக்கீடு. ஆளைத் தேர்வது வேறு, தேர்ந்தவரைக் குழுவில் போடுவது வேறு. எனக்கே எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம்தான் உறைத்தது.

இப்போது நோட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் காசு சுண்டிக் குழு முடிவானதா? இல்லை, காலையில் வந்த 30 பேர் பாட்டு, மதியம் வந்த 30 பேர் அமைதியா? அப்படியென்றால் சிக்கல். மே மாத வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு யாருக்கு எந்தச் சொல் நினைவிருக்கும்? வித்தியாசம் பாட்டாலா வெயிலாலா என்று பிரிக்கவே முடியாது.

சுண்டித்தான் பிரித்தீர்கள் என்றால் பரிசோதனை செல்லும். ஆனால் முடிவு 'வேலூர் மக்கள்' எல்லோருக்கும் பொருந்தும் என்று விரித்து எழுதிவிடாதீர்கள்.