சொகோரோவில் வெயிலைவிட வறட்சிக்கே ஆயத்தம் வேண்டும்

கேள்வி: அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சொகோரோ என்னும் சிற்றூரில் உள்ள நியூ மெக்சிகோ டெக் கல்வி நிலையத்தில் என் மகளுக்கு ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்துள்ளது. பாலைவன ஊர் என்கிறார்கள். வெயிலைத் தாங்குவாளா? அத்தனை அமைதியான இடத்தில் தனியாக இருக்க இயலுமா?

பதில்: வெயிலை நினைத்து அஞ்ச வேண்டாம். ஜூன் மாதப் பகலில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும் காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதாலும், பொழுது சாய்ந்ததும் குளிர்ந்துவிடும். குளிர்கால இரவுகளில் உறைநிலைக்குக் கீழேயும் இறங்கும். உங்கள் மகள் பழகிக்கொள்ள வேண்டியது வறட்சியைத்தான். வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுவதால் உடல் நீரை இழப்பதே தெரியாது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். தொடக்க வாரங்களில் உதடு வெடிப்பதும் மூக்கில் இரத்தம் கசிவதும் பலருக்கு நேர்வதுண்டு.

அங்குள்ள பல வீடுகளில் ஏ.சி.க்குப் பதிலாக, நனைந்த திண்டுகளின் வழியே வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கூலர்தான் இருக்கும். அது ஓடும்போது சன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி அறை புழுங்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் அதன் பலன் குறையும் என்பதால், வாடகை பேசும்போதே இதைக் கேட்டறிவது நல்லது. அம்மாதங்களில் மலையில் பெய்யும் மழை, வறண்டு கிடக்கும் ஓடைகளில் திடீர் வெள்ளமாக இறங்கக்கூடும். நீர் ஓடும் சாலையை எக்காரணம் கொண்டும் கடக்கலாகாது.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரமாகும். பிரஷர் குக்கரைக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். மிதிவண்டி வாங்கினால் பஞ்சர் பார்க்கவும் அவர் கற்றுக்கொள்ளட்டும். அங்கே டயர்களைத் துளைப்பது நம் வரப்புகளில் காலைக் குத்தும் அதே நெருஞ்சி முள்தான்.

இனி அமைதியைப் பற்றி. ஊரின் மக்கள்தொகை ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. இந்திய மளிகைக்கும் விமான நிலையத்துக்கும் வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆல்புகர்க்கிக்குத்தான் செல்ல வேண்டும். ஊரையொட்டிய மலைப்பகுதியில் கல்வி நிலையத்தின் வெடிபொருள் சோதனைக்களம் இருப்பதால், அவ்வப்போது எழும் வெடியோசை கேட்டு அவர் திடுக்கிட வேண்டியதில்லை. மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பெறும், 25 மீட்டர் விட்டமுள்ள 27 கிண்ண வடிவ ஆன்டெனாக்களைக் கொண்ட தொலைநோக்கி வரிசை இருக்கிறது. வறண்ட காற்றும், ஊர்களிலிருந்து வந்து குறுக்கிடும் வானொலி அலைகளைத் தடுக்கும் மலைச்சூழலும் வாய்த்ததாலேயே அறிஞர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தார்கள். தெற்கே உள்ள போஸ்கே டெல் அப்பாச்சே சரணாலயத்தில் குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கொக்குகள் தங்குகின்றன; விடியலில் அவை ஒருசேர எழும்புவதை உங்கள் மகள் அவசியம் பார்க்க வேண்டும்.

மக்களிடம் ஒட்டிக்கொள்வதும் கடினமன்று. ஸ்பானிய மரபினர் மிகுந்த அவ்வூரின் உணவகங்களில் சிவப்பு மிளகாய்ச் சாறா, பச்சையா என்றுதான் முதலில் கேட்பார்கள். காரத்துக்குப் பழகிய நாவுக்கு அதுவே நல்ல அறிமுகம். ஆனால் கார் இல்லாத முதல் பருவம் உண்மையிலேயே கடினமானது. ஆகவே வாடகை சற்றுக் கூடினாலும் வகுப்புக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே வீடு பாருங்கள். ஓட்டுநர் உரிமம் பெறுவதையும் முதல் ஆண்டிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.