கட்டுச்சோறு விமானம் ஏறுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகி): அடுத்த மாதம் மும்பையில் நாத்தனார் வீட்டு விசேஷம். வழக்கமாக சென்ட்ரலில் ரயில் ஏறித்தான் போவோம். இந்த முறை என் வீட்டுக்காரர் குறைந்த கட்டண விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு ஐந்து வயது, இரண்டரை வயது. டிக்கெட்டில் சாப்பாடு சேரவில்லை. வீட்டிலிருந்து தின்பண்டம் எடுத்துப்போனால் சோதனையிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்கிறார் எதிர்வீட்டு அக்கா. உண்மையா?

பதில்: இல்லை. உள்நாட்டு விமானத்தில் வீட்டுச் சாப்பாட்டைத் தாராளமாகக் கொண்டுபோகலாம், இருக்கையில் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிடலாம். சூடு பண்ணித் தர மாட்டார்கள், அவ்வளவுதான். சோதனை போடும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படைக்காரர்களுக்கு உங்கள் முறுக்கோடு ஒரு பகையும் கிடையாது.

ஆனால் அக்கா சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் விட மாட்டார்கள். இட்லிப் பொடியை இட்லியில் தடவி எடுத்துப்போனால் யாரும் கேட்கப் போவதில்லை. தனிப் பொட்டலமாக வைத்திருந்தால் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். மிளகாய் ஊறுகாய்க்கும் கைப்பையில் இடமில்லை. நெய் 100 மில்லிக்கு மேல் வேண்டாம். ஆப்பிளை வீட்டிலேயே நறுக்கிவிடுங்கள், கத்தி ஏறாது. கொப்பரையில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்பதால் அதற்கும் தடை. முழுத் தேங்காயும் கைப்பையில் கூடாது; 2024-25 சபரிமலை சீசனில் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் தனியாக விலக்குக் கொடுத்தார்கள்.

அப்புறம் எவர்சில்வர் டப்பா. எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது, திறந்து காட்டச் சொல்வார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்து இழுக்கும் இன்னொரு பிள்ளை, பின்னால் வரிசை. இந்த நிலையில் இறுக்கி மூடிய தூக்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், புரியும். லேசான பிளாஸ்டிக் டப்பாவே போதும், எல்லா டப்பாவும் ஒரே துணிப்பையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மும்பை ரயிலுக்குக் கட்டுகிற மாதிரி இதற்கும் கட்டாதீர்கள். கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு, புளிசாதத்தின் எடையும் அதில்தான் சேரும். விமானம் பறப்பது இரண்டு மணி நேரம். பிள்ளைகள் பசியில் அழுவது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் விமான நிலையத்துக்கு ஒரே வண்டி, எங்கேயும் மாற வேண்டாம். ஆனாலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். (மெட்ரோவுக்குள் சாப்பிட அனுமதியில்லை. முதல் வண்டி காலை 5 மணிக்குத்தான் என்பதால் விடியற்காலை விமானத்துக்கு ஆட்டோதான்.) செக்-இன் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், ஆகவே இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். மும்பையில் இறங்கிப் பெட்டி வந்து நாத்தனார் வீடு போய்ச் சேரும்வரை கூட்டினால் ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். அதாவது ஒரு வேளைச் சாப்பாடும் கொறிக்கக் கொஞ்சமும்.

அந்த ஒரு வேளையைச் சோதனை முடித்து, கேட் பக்கத்து நாற்காலியிலேயே ஊட்டிவிடுங்கள். பொடி இட்லியோ சர்க்கரை தடவிச் சுருட்டிய சப்பாத்தியோ நல்லது. தயிர்சாதம்தான் இறங்கும் என்றால் சோற்றைப் பாலில் குழைத்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள், நேரத்துக்குப் புளிக்காமல் இருக்கும். விமானத்துக்குள் கொண்டுபோவது உதிராத, ஒழுகாத, பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைத் துளைக்காத பண்டமாக இருக்கட்டும். முட்டையும் சாம்பாரும் அங்கே வேண்டாமே.

பண்டம் பசிக்கு மட்டும் இல்லை. விமானம் இறங்கத் தொடங்கும்போது பிள்ளைகளுக்குக் காது அடைத்துக்கொள்ளும்; எச்சில் விழுங்கினால் விடும். அதனால் எல்லாவற்றையும் முதல் அரை மணியிலேயே கொடுத்து முடிக்காமல், கடைசி அரை மணிக்கு உலர்திராட்சையோ பொரியோ பாட்டில் பாலோ மிச்சம் வையுங்கள். கடலை உருண்டை மூத்த பிள்ளையோடு நிற்கட்டும். இரண்டரை வயதுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பது போலத்தான் இருக்கும். சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிவிடும். உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர் பாட்டிலை மேலே போனபின் திறந்தால் சட்டைமேல் பீய்ச்சி அடிக்கும். மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்திக் காற்றை விட்டுவிட்டுக் கொடுங்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டால் பணிப்பெண்ணிடம் ஒரு கப் கேளுங்கள், தருவார்கள். பால்பொடி கலக்க வெந்நீரும் கேட்கலாம்.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): எதையும் கட்டிக்கொண்டு போகவில்லை. விமானம் மூன்று மணி நேரம் தாமதம். கடையில் விலை கேட்டாலே மயக்கம் வந்தது. விமான நிறுவனம் எதுவும் தர வேண்டாமா?

பதில்: தர வேண்டும், இலவசமாக. இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே சிற்றுண்டி தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம். இது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. குறைந்த கட்டண டிக்கெட்டுக்கும் இதே விதிதான். ‘சாப்பாடு சேராத டிக்கெட் சார்’ என்று கவுன்டரில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல நேரம் அவர்களாக அறிவிக்க மாட்டார்கள், போய்க் கேட்பவருக்குக் கூப்பன் கிடைக்கும். மறுத்தால் போர்டிங் பாஸையும் தாமதம் காட்டும் பலகையையும் படமெடுத்து, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் போடுங்கள்.

விலை மயக்கத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்தார்கள். டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், காபி 20, சமோசா 20 என்று தொடங்கியது. செக்-இன் பகுதிக்கு முன்னாலேயே இருப்பதால், உள்ளே போனபின் நினைவு வந்து பயனில்லை.

கேள்வி (பெரம்பூர் வாசகி): பிள்ளை அடம்பிடித்ததால் விமானத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினேன். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினார்கள். வானத்தில் விலைச் சட்டம் கிடையாதா?

பதில்: சீல் பிரிக்காத பாக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது பொது விதி. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு விலை அச்சிடுவதற்கும் 2018 ஜனவரி முதல் தடை இருக்கிறது. (ஓட்டல்கள் இதில் வராது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அங்கே உட்கார வைத்துப் பரிமாறும் சேவையும் சேர்கிறது.) பில்லையும் பாக்கெட்டில் விலை இருக்கும் பக்கத்தையும் படமெடுத்து வைத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பில் இல்லை என்றால் சிரமம்தான். வெந்நீர் ஊற்றித் தரும் கப் உப்புமா விலையோடு சண்டைக்குப் போகாதீர்கள். அதுதான் வேண்டும் என்று தோன்றினால் டிக்கெட் போடும்போதே முன்பதிவு செய்வது நல்லது.

கேள்வி (காசிமேடு வாசகர்): கருவாடு?

பதில்: கைப்பையில் வேண்டாம் ஐயா. இரண்டு மூன்று உறை போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, செக்-இன் பெட்டியில் போடுங்கள். வாசனை கவுன்டர்வரை வந்தால் ஏற்ற மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (வியாசர்பாடி வாசகி): சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனைப் பார்க்கக் கைக்குழந்தையோடு போகிறேன். இதே விதிகள்தானா?

பதில்: இல்லை, அங்கே கெடுபிடி அதிகம். தண்ணீர், தயிர், சட்னி, ஜாம் எல்லாமே திரவக் கணக்கு. ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு, சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். அந்தப் பக்கம் போகும் சில பட்ஜெட் விமானங்கள், வெளிச் சாப்பாட்டை உள்ளே சாப்பிடக் கூடாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. குழந்தை உணவை அவையும் தடுப்பதில்லை, பெரியவர்கள் ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவது உத்தமம். அண்ணனுக்காக அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள்.