கை போகும் இடத்தில் கத்தரிக்கோல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எம்பிராய்டரி, குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பற்றி நீங்கள் எழுதுவதை நான்கு வருடமாக வாசித்து வருகிறேன். வீட்டில் 10க்கு 8 அடியில் ஒரு சின்ன அறை காலியானது. அதை உன் கைவேலை அறையாக வைத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு மாதமாக அந்த அறையைத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு லாவண்டர் நிறம் அடித்தேன், கண்ணாடி ஜாடிகளில் பொத்தான், மணி, நூல் எல்லாவற்றையும் நிறவாரியாக அடுக்கினேன், ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டினேன். பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து இதுவரை ஒரு பூகூட முடித்ததில்லை. ஊசியை எடுத்தால் கட்டிலுக்குத்தான் போகிறேன். மேசையில் எதையாவது பரப்பினால் அறை கலைந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. இன்னும் என்ன வாங்க வேண்டும்? எப்படி அடுக்க வேண்டும்? நிறத்தை மாற்ற வேண்டுமா? சுவரில் என்ன மாட்டலாம்?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். முதலில் கட்டிலைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. நாளைக்குக் கட்டிலில் உட்கார்ந்து தைக்கும்போது சுற்றிலும் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் யூகிக்கிறேன்: நேற்று விட்ட துணி, அதை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டமான ரிங்கோடு தலையணைப் பக்கத்தில் கிடக்கும், நாலைந்து நூல் அதன் மேலேயே இருக்கும், சின்னக் கத்தரிக்கோல் தொடைக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் தோளுக்கு மேலே. எழுந்து நடக்க வேண்டியதில்லை, ஜாடி திறக்க வேண்டியதில்லை, உட்கார்ந்த ஒரு நிமிஷத்தில் ஊசி துணிக்குள் போய்விடும். உங்கள் அறையில் அதே வேலையைத் தொடங்க எத்தனை மூடி திறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அறையைக் கண் பார்ப்பதற்காக அடுக்கியிருக்கிறீர்கள். கை எங்கே சுலபமோ அங்கே போய்விட்டது. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மேசையை முழுக்கக் காலி செய்துவிட்டு, பாதி முடித்த வேலை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்காருங்கள். இரண்டு வாரம் அதை மட்டும் செய்யுங்கள். ஏதாவது தேவைப்பட்டால் எழுந்து எடுத்து வாருங்கள், ஆனால் திரும்பக் கொண்டுபோய் வைக்காதீர்கள், கை எங்கே வைக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து மேசையைப் பார்த்தால் கத்தரிக்கோல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, நூல் சுற்றிய பாபின் டப்பா எங்கே நின்றுவிட்டது, எதை ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்று தெரிந்துவிடும். அதுதான் உங்கள் அறையின் வரைபடம். கை இருந்த இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் தினம் எடுப்பவை, எழுந்து நின்றால் எட்டுகிற தட்டில் வாரம் ஒருமுறை எடுப்பவை, மற்றதெல்லாம் மேலே அல்லது கீழே. அந்த அழகான ஜாடிகளில் முக்கால்வாசி மேல் தட்டுக்குப் போய்விடும். போகட்டும்.

1926ல் ஃபிராங்ஃபர்ட் நகரின் புதுக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 2 மீட்டருக்கும் குறைவு, நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், அதாவது பரப்பளவில் உங்கள் அறையைவிடச் சின்னது. அவர் அலமாரியின் அழகிலிருந்து தொடங்கவில்லை, அங்கே வேலை செய்கிறவர் எத்தனை எட்டு நடக்கிறார் என்று பார்த்தார். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழலும் முக்காலி, ஜன்னலை ஒட்டி வேலைமேசை, தேவையான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் கூரை விளக்கு, மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை, பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள். ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் ஒரு சின்ன அறைக்கு இதைவிடத் தெளிவான யோசனையை நான் பார்த்ததில்லை. சக்கரம் வைத்த நாற்காலியும் ஜன்னலோரத்து மேசையும் உங்கள் அறையில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

அடுக்குவதைப் பற்றி. நிறவாரியாக அடுக்கியது நூலுக்குச் சரி, நூலைத் தேடும்போது நிறத்தைத்தான் தேடுகிறோம். மற்றதை வேலைவாரியாகப் பிரியுங்கள். எம்பிராய்டரிக்கான ரிங், ஊசி, சின்னக் கத்தரி, டிரேசிங் பேனா ஒரே தட்டில். குரோஷே ஊசிகளும் அளவு நாடாவும் இன்னொன்றில். கத்தரிக்கோல் எல்லாம் ஒரு ஜாடி, பேனா எல்லாம் ஒரு ஜாடி என்று பிரித்தால் ஒரு பூ போட ஐந்து ஜாடி திறக்க வேண்டியிருக்கும். அளவு நாடா இரண்டு வேண்டியிருக்கும், பரவாயில்லை. துணி வெட்டும் கத்தரிக்கோல் காகிதத்தைத் தொடவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும், அதன் பிடியில் ஒரு துண்டு ரிப்பன் கட்டிவிடுங்கள். லேபிளை மூடியில் ஒட்டாமல் முன்பக்கம் ஒட்டுங்கள், ஒன்றன் மேல் ஒன்று வைத்தபிறகும் படிக்க முடியும்.

அப்புறம், தொடங்கிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தட்டு. அகலமான, ஓரம் உயர்ந்த, மூடியில்லாத தட்டு. துணி, அதற்கு எடுத்த நூல்கள், மாதிரிப் படம் எல்லாம் அதிலேயே கிடக்கும். மேசை கலைந்துவிடுமே என்ற பயத்துக்கு மருந்து இதுதான். வேலை முடிகிறவரை அந்தத் தட்டு கலைந்துதான் இருக்கும், அது அதன் உரிமை. இரவில் தட்டோடு தூக்கி அலமாரியில் வைத்தால் மேசை காலி, காலையில் தட்டோடு இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒன்றிரண்டு நாளைக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் துணியை ரிங்கிலிருந்து கழற்றிவிடுங்கள், ஊசியையும் துணியிலேயே குத்திவைக்காதீர்கள். ரிங்கின் தடம் எளிதில் போகாது, ஊசியின் துரு போகவே போகாது. நூல்களை ரப்பர் பேண்டால் கட்டிவைக்கவும் வேண்டாம், நாளாக ஆக அது இளகி நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜாடிகளில் இன்னொன்று கவனிக்க வேண்டும். நேர்வெயில் விழும் தட்டில் நூலோ துணியோ வைத்திருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள். துணி மடிப்பு விளிம்பில்தான் முதலில் வெளுக்கும், விரிக்கும்போது நடுவில் ஒரு கோடு தெரியும். பாலிமர் களிமண் (சூடாக்கி இறுக்கும் பிளாஸ்டிக் களிமண்) வேலையும் செய்வீர்கள் என்றால் அதைப் பளபளவென்று கண்ணாடி போலிருக்கும் கடினமான பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், களிமண்ணை மென்மையாக வைத்திருக்கும் இளக்கி என்ற பொருள் அதைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். 5 என்று போட்ட டப்பாவில் தைரியமாக வைக்கலாம்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். பணம் செலவழிப்பதாக இருந்தால் இதற்குச் செலவழியுங்கள். ஒருமுறை பெரிய இலை ஒன்றைச் சாட்டின் தையலில், அதாவது இழைகளை நெருக்கமாக அடுக்கி, நிரப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் நூல் தீர்ந்தது. இரவு நேரம், மேசையில் மஞ்சள் பல்பு. டப்பாவிலிருந்து இன்னொரு பச்சையை எடுத்து, தைத்த இடத்தின் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தேன், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு ஒன்றாக இருந்தது. மூன்று இரவு தைத்தேன். நான்காம் நாள் காலையில் ஜன்னல் பக்கம் எடுத்துப் போனால் இலையின் ஒரு பாதி நீலம் கலந்த பச்சை, மறுபாதி பழுப்பு கலந்த பச்சை, நடுவில் நேராக ஒரு எல்லை. பிரித்தேன். பிரித்த இடம் முழுக்க ஊசித்துளை, துணி தளர்ந்து நூல் விலகியிருந்தது, அதன் மேல் மறுபடி தைத்தும் அந்த இலை மட்டும் லேசாகப் பொங்கி நிற்கிறது. இரண்டு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் வேறு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவது சாதாரணமாக நடப்பதுதான். அதனால் பல்பு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, 100க்குக் கணக்கு. வழக்கமான எல்இடி பல்புகள் பெரும்பாலும் 80ஐ ஒட்டி இருக்கும், நமக்கு 90க்கு மேல் வேண்டும். கூடவே 4000 முதல் 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, பல்பு அட்டையில் இருக்கும்) வரை உள்ள வெள்ளை வெளிச்சம். வலது கையால் தைக்கிறவருக்கு விளக்கு இடது பக்கம், இடக்கைக்காரருக்கு வலது பக்கம். மாற்றி வைத்தால் உங்கள் கை நிழலே தையல் மேல் விழும். நிறம் தேர்ந்தெடுப்பதைப் பகலில் செய்துவிட்டு, தைப்பதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரின் நிறம். பிடித்த நிறம் என்றால் மூன்று சுவரில் லாவண்டர் அப்படியே இருக்கட்டும். மேசைக்கு நேர் எதிரே உள்ள சுவரை மட்டும் வெள்ளைக்கோ வெளிர் சாம்பலுக்கோ மாற்றுங்கள், மேசை மேலும் அதே போல ஒரு துணி விரியுங்கள். காரணம் இருக்கிறது. பாரீஸில் கோபலான் திரைச்சீலைத் தறிக்கூடத்தில் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824ல் சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். நீல, ஊதாத் துணி மடிப்புகளுக்கு நிழல் காட்டப் பயன்படுத்தும் கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் வேறு இடங்களில் சாயமேற்றிய கருப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை அப்படிக் காட்டின. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்பதை 1839ல் விரிவாக வெளியிட்டார். உங்கள் லாவண்டர் சுவரை வைத்தே இதைச் சோதிக்கலாம். ஒரே சாம்பல் நூலை வெள்ளைத் தாள் மேல் ஒன்றும் அந்தச் சுவர் மேல் ஒன்றுமாகப் பிடித்துப் பாருங்கள். சுவர் மேல் இருப்பது கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்து தெரியும்.

மேசையின் உயரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும், முதுகு போனால் எல்லாம் போயிற்று. எழுதும் மேசை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம்தான். உட்கார்ந்து தைக்க அது சரி. நின்று துணி வெட்ட அது பத்தாது, அரைமணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கையைத் தளரத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள், அந்த முழங்கை உயரத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே வெட்டும் பலகை இருக்க வேண்டும். மேசைக் கால்களுக்கு அடியில் நடுவில் குழி வைத்த மரக்கட்டைகள் கொடுத்து உயர்த்தலாம், குழி இல்லாவிட்டால் கால் நழுவும். ஜூலியா சைல்ட் என்ற சமையல் எழுத்தாளர் 6 அடி 2 அங்குல உயரம், அவர் வீட்டுச் சமையல் மேடையை வழக்கமான 36 அங்குலத்திலிருந்து 38க்கு உயர்த்திக் கட்டினார்கள். அந்த அறையில் எனக்கு அதைவிடப் பிடித்தது, அவர் கணவர் பால் சைல்ட் சுவரில் துளைப்பலகை மாட்டி, ஒவ்வொரு பாத்திரத்தின் வெளிவடிவத்தையும் அதன் இடத்திலேயே வரைந்து வைத்ததுதான். எது எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், எது காணோம் என்பதையும் சுவரே காட்டிவிடும். 2001ல் ஜூலியா அந்தச் சமையலறையை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். நீங்களும் ஒரு சின்னத் துளைப்பலகையில் கத்தரிக்கோல், ரிங், அளவுகோல் இவற்றின் வடிவத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு வாரம் முடிந்தபிறகு, கை போன இடத்தில்.

இஸ்திரிப் பெட்டியை மட்டும் விளக்கும் தையல் மெஷினும் சொருகிய அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள், நேராகச் சுவர் பிளக்கில். வயர் எதுவும் நடக்கிற வழியில் குறுக்கே போகக் கூடாது.

சுவரில் என்ன மாட்டுவது? நீங்கள் செய்ததை. கடையில் வாங்கிய வாசகப் பலகைகளைவிட, நீங்கள் முதல்முதலில் போட்ட கோணலான பூவுக்கு அந்த அறையில் அதிக உரிமை உண்டு. தையல் மாதிரிகளை ஒரு நீளத் துணியில் வரிசையாகப் போட்டுத் தொங்கவிடுங்கள், அலங்காரத்துக்கு அலங்காரம், சங்கிலித் தையலில் எத்தனை இழை வைத்தோம் என்று சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பக்கச் சுவர்களில் மாட்டுங்கள், எதிர்ச் சுவர் வெறுமையாக இருக்கட்டும். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கும்போது அது போய் இளைப்பாற ஓர் இடம் வேண்டும்.

கட்டிலில் இருக்கும் அந்தத் துணியை இன்று இரவே ஒரு தட்டில் போட்டு மேசைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள், கத்தரிக்கோல் எந்தப் பக்கம் நின்றது என்றும், உங்கள் முழங்கை தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்றும் சேர்த்து எழுதினால் வெட்டும் பலகையின் அளவைப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா