தேர்தலுக்கு முன் வரும் போன்: மாநிலக் கருத்துக்கணிப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். அதிபர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது. ஆனால் 36 மாநிலங்களில் கவர்னர் தேர்தல் உண்டு. பல மாநிலங்களில் மாநில விவகாரங்கள் மீது மக்களே நேரடியாக ஆம், இல்லை சொல்லும் வாக்கெடுப்பும் உண்டு. அதையொட்டிக் கருத்துக்கணிப்பு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: சாயங்காலம் சாப்பிட உட்காரும்போதுதான் ‘சர்வே’ என்று போன் வருகிறது. பேசிய பெண் ஒரு வேட்பாளரைப் பற்றி மோசமாக ஏதோ சொல்லிவிட்டு, ‘இதைக் கேட்ட பிறகும் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?’ என்றார். இது கணிப்பா, பிரசாரமா? (பிரீமாண்ட் வாசகி)

ப: இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். எந்தச் செய்தி மக்களிடம் எடுபடுகிறது என்று பார்க்க வேட்பாளர்களே கணிப்பு நடத்துவார்கள். அதிலும் இப்படிப்பட்ட கேள்விகள் வரும். அது முறையான வேலைதான். கணிப்பு என்ற போர்வையில் அவதூறு பரப்புகிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு உங்கள் பதில் தேவையில்லை, உங்கள் காது மட்டும் போதும். ஆகவே இரண்டு மூன்று கேள்வியோடு வைத்துவிடுவார்கள். வயது, படிப்பு, இனம், கட்சி எதையும் கேட்க மாட்டார்கள். உண்மையான கணிப்பு அவற்றைக் கடைசியில் கேட்டே தீரும். அவை இல்லாமல் உங்கள் பதிலைக் கணக்கில் சேர்க்கவே முடியாது.

இன்னோர் அடையாளமும் உண்டு. வீட்டு லேண்ட்லைனில் அழைத்தால், ‘18 வயதைத் தாண்டியவர்களில் யாருக்கு அடுத்துப் பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் பேசலாமா?’ என்று கேட்பவர் தொழில் தெரிந்தவர். எடுத்தவரிடமே பேசிக்கொண்டிருந்தால், எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டும்தான் கிடைக்கும். ‘யார் நடத்துகிறீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள். அழைப்பு நியாயமானது என்று தெரிந்தால், தயவுசெய்து பேசி முடியுங்கள். பியூ ஆய்வு மையத்தின் போன் கணிப்புகளுக்கு 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018இல் அது 6 ஆகிவிட்டது. ‘எனக்கு நேரமில்லை’ என்று வைக்கும் ஒவ்வொருவரும் அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கிறார்.

கே: கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட 3.9 கோடிப் பேர். ஆயிரம் பேரைக் கேட்டு என்ன தெரியப்போகிறது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பீர்களோ?

ப: சோறு எங்கும் ஒரே மாதிரி வெந்திருந்தால் மட்டும். லாஸ் ஏஞ்சலிஸும் ஃபிரெஸ்னோவும் ஒன்றல்லவே. பகுதி, வயது, படிப்பு எல்லாம் சரியான விகிதத்தில் வரும்படி தேர்ந்தெடுத்தால் ஆயிரம் பேர் போதும். பிழை வரம்பு, அதாவது உண்மையான எண் இதைவிட மேலோ கீழோ இருக்கக்கூடிய அளவு, 3 சதவீதப் புள்ளியில் நிற்கும். மாநிலம் பெரிதா சிறிதா என்பது இதை அநேகமாக மாற்றாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்த 3 புள்ளி ஒரு வேட்பாளர் பெறும் சதவீதத்துக்கு உரியது. இரு வேட்பாளர்களுக்கும் இடையிலான வித்தியாசத்துக்குப் பிழை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ‘4 புள்ளி முன்னிலை’ என்ற தலைப்பைப் பார்த்து யாரும் பட்டாசு வெடிக்க வேண்டியதில்லை.

கே: 2022இல் பணக்காரர்களுக்கு வரி போடும் ‘ப்ராப் 30’ (வாக்கெடுப்புக்கு வந்த முன்மொழிவு எண் 30) ஜெயித்துவிடும் என்று செப்டம்பரில் கணிப்பு சொன்னது. நவம்பரில் தோற்றது. அப்படியென்றால் கணிப்பு பொய்தானே? (சன்னிவேல் வாசகர்)

ப: பொய்யில்லை. செப்டம்பரில் எடுத்த எண் செப்டம்பருக்கு உரியது.

ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் கூடுதலாக 1.75 சதவீதம் வரி வாங்கி, மின்சார வாகனங்களுக்கும் காட்டுத்தீ தடுப்புக்கும் செலவிடுவதுதான் அந்த முன்மொழிவு. கலிஃபோர்னியா பொதுக்கொள்கை நிறுவனம் செப்டம்பரில் கேட்டபோது 55 சதவீதம் ஆதரவு. பிறகு கவர்னர் கேவின் நியூசம் டிவி விளம்பரத்தில் தோன்றி, லிஃப்ட் (Lyft) என்ற வாடகைக் கார் செயலி நிறுவனத்துக்கு ஆதாயம் தரும் திட்டம் இது என்று எதிர்த்தார். அவருடைய சொந்த ஜனநாயகக் கட்சியே ஆதரித்த முன்மொழிவு அது! அக்டோபரில் அதே நிறுவனம் கேட்டபோது ஆதரவு 41க்கு இறங்கியிருந்தது. தேர்தலில் கிடைத்தது 42. சரிவை அந்தக் கணிப்பு கண்ணெதிரே பிடித்துக் காட்டியது என்றுதான் நான் சொல்வேன்.

வேட்பாளர் பற்றிய கருத்து வேறு, மாநில விவகாரம் பற்றிய கருத்து வேறு. வேட்பாளரின் கட்சி தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. ஒரு முன்மொழிவைப் பற்றி, கணிப்பாளர் படித்துக் காட்டும் நிமிடத்தில்தான் பலர் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். கேட்க நன்றாக இருந்தால் ‘ஆம்’ என்கிறார்கள். விளம்பரங்கள் தொடங்கி, இரு தரப்பும் மாறி மாறிப் பேசி, குழப்பம் வந்தால் ‘இருப்பதே இருக்கட்டும்’ என்று ‘இல்லை’ பக்கம் சாய்கிறார்கள். அதே ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சூதாட்டத்துக்கான ப்ராப் 27 செப்டம்பரிலேயே 34இல்தான் இருந்தது. முடிவில் 18க்கு விழுந்தது. அந்த ஆண்டு சூதாட்டம் தொடர்பாக வந்த ப்ராப் 26, ப்ராப் 27 இரண்டுக்கும் சேர்த்து 40 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். ஆகவே ஆரம்பக் கணிப்பில் 60க்குக் கீழே இருக்கும் முன்மொழிவை ஜெயித்ததாக எழுதாதீர்கள்.

எந்த வாசகத்தைப் படித்துக் கேட்டார்கள் என்பதையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் வாக்குச்சீட்டில் வரும் சுருக்கத்தை அட்டர்னி ஜெனரல் அலுவலகம் எழுதுகிறது. 75 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. நல்ல கணிப்பாளர் அதை எழுத்து மாறாமல் படிப்பார். ‘பணக்காரர்களுக்கு வரி போடலாமா?’ என்று சொந்தமாகச் சுருக்கிக் கேட்டால் வரும் பதில் வாக்குச்சீட்டுக்குப் பொருந்தாது.

கே: கான்சஸில் எல்லாருமே தவறிப்போனார்களே, அது எப்படி?

ப: ‘எல்லாரும்’ என்று சொல்லும் அளவுக்கு அங்கே கணிப்புகளே நடக்கவில்லை, பாதிப் பிரச்சினை அதுதான். சிறு மாநிலங்களில் பத்திரிகைகளுக்குக் கணிப்பு எடுக்கப் பணமில்லை. கிடைக்கும் ஓரிரண்டு எண்களே வேதவாக்காகிவிடுகின்றன.

2022 ஆகஸ்டு 2. கருக்கலைப்பு உரிமை மாநில அரசியலமைப்பில் இல்லை என்று எழுதிச் சேர்க்கும் திருத்தத்தின் மீது வாக்கெடுப்பு. ‘ஆம்’ என்றால் உரிமை போகும், ‘இல்லை’ என்றால் நிலைக்கும். ஜூலையில் வந்த ஒரு கணிப்பு ஆம் 47, இல்லை 43 என்றது. நடந்தது ஆம் 41, இல்லை 59. முடிவெடுக்காத 10 சதவீதமும் ‘இல்லை’ பக்கம் போயிருந்தால்கூட 53தான் வந்திருக்கும். ஆகவே ‘கடைசி நேர மனமாற்றம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வாக்களிக்க வந்தவர்களே வேறு. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்டு முதல்நிலைத் தேர்தலுக்கு வழக்கமாகச் சிறு கூட்டம்தான் வரும். அன்று 9 லட்சத்துக்கு மேல் வந்தார்கள், 2018 ஆகஸ்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருக்கலைப்பு உரிமையை நாடு முழுக்கக் காத்துவந்த ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. பழைய பட்டியலை வைத்து ‘யார் வருவார்கள்’ என்று கணக்குப் போட்டவரால் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க முடியாது. வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், ‘ஆம்’ என்று போட்டால் பெண்களின் உரிமை காக்கப்படும் என்று தலைகீழாகச் சிலர் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இப்படி ஆம், இல்லை புரட்டிப் போடப்படும் இடத்தில், பதில் சொன்னவரிடம் ‘அப்படியென்றால் கருக்கலைப்பு உரிமை இருக்க வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?’ என்று இன்னொரு முறை கேட்காத கணிப்பை நான் நம்புவதில்லை.

கே: ‘பதிவு செய்த வாக்காளர்’, ‘வாக்களிக்க வாய்ப்புள்ளவர்’ என்று இரண்டு எண் போடுகிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

ப: தேர்தல் நெருங்க நெருங்க இரண்டாவதை. 2020 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் சுமார் 66 சதவீதம் வாக்களித்தார்கள். இடைக்காலத் தேர்தலில் அது 2014இல் 37க்குள் சுருங்கியது, 2018இல் பாதியைத் தொட்டது, 2022இல் 46. வராமல் போகும் பாதியைக் கழித்தால்தான் கணக்கு சரியாகும். ஆனால் வாக்களிப்பீர்களா என்று கேட்டால் எல்லாரும் ‘கண்டிப்பாக’ என்றுதான் சொல்வார்கள். அதனால் போன தேர்தலில் வாக்களித்தாரா என்பதை வாக்காளர் பதிவேட்டிலேயே பார்க்கிறார்கள்.

அதிலும் ஒரு சிக்கல்: மாநில விவகாரமே ஆட்களை இழுத்து வரும். 1982இல் கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் கறுப்பினத்தவரான டாம் பிராட்லி வெல்வார் என்றன கணிப்புகள். சுமார் 93 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். ‘வெள்ளையர்கள் கணிப்பாளரிடம் பொய் சொன்னார்கள்’ என்ற கதைதான் ஊர் முழுக்கப் பரவியது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதே வாக்குச்சீட்டில் கைத்துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான ப்ராப் 15 இருந்தது. அதை எதிர்க்க மாநிலத்தின் உட்பகுதி ஊர்களிலிருந்து திரண்டு வந்தவர்கள் பிராட்லிக்கும் எதிராகப் போட்டார்கள். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் விழுந்த வாக்குகளில் பிராட்லி முன்னிலையில்தான் இருந்தார். தபால் வாக்குகள் அவரைக் கவிழ்த்தன.

கே: நான் கிரீன் கார்டுக்காரன். என்னைக் கேட்பார்களா?

ப: கேட்பார்கள். பள்ளி, வீட்டு வாடகை, தண்ணீர் போன்றவற்றில் வயதுவந்த எல்லாரின் கருத்தையும் எடுக்கும் கணிப்புகள் உண்டு. முன்மொழிவுகள் பற்றிய பகுதியில் மட்டும் வாக்காளர்களை எண்ணுவார்கள்.

கே: ‘இந்தியர்கள் 70 சதவீதம் ஆதரவு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. நம்பலாமா?

ப: மாநிலக் கணிப்பில் ஆயிரம் பேர் என்றால் அதில் இந்தியர் 20, 25 பேர் இருந்தால் அதிகம். அந்த எண்ணிக்கையில் பிழை 20 புள்ளியைத் தொடும். இதற்கென்றே ஆசிய அமெரிக்கர்களை மட்டும் கூடுதலாகத் தேர்ந்தெடுத்து எடுக்கும் கணிப்பு வேண்டும். கார்த்திக் ராமகிருஷ்ணன் தொடங்கிய ஏஏபிஐ டேட்டா அமைப்பு அந்த வேலையைத்தான் செய்கிறது. ‘ஆசியர்’ என்று ஒரே பெட்டியில் சீனரையும் வியட்நாமியரையும் நம்மையும் போட்டு மூடுவது எவ்வளவு தவறு என்று அந்தக் கணிப்புகளைப் படித்தால் தெரியும்.

கே: எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தேர்தலுக்கு முன் ஒரு கணிப்பு எடுக்க ஆசை. கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதுமா?

ப: எடுங்கள், ஆனால் ‘தமிழர்களின் கருத்து’ என்று தலைப்பு வைக்காதீர்கள். 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி அட்டைகள் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன்தான் அதிபர் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். ஆர்வம் உள்ளவர் மட்டும் பதில் அனுப்பினால் எத்தனை லட்சம் வந்தாலும் பயனில்லை.

உறுப்பினர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 150 பேரை எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் அழையுங்கள். முதல்முறை எடுக்காவிட்டால் வேறு நாளில் அழையுங்கள். கேள்வியை வாக்குச்சீட்டில் உள்ளபடியே படியுங்கள். அதற்குக் கீழே தமிழில் விளக்கம் சொல்லலாம், ஆனால் எல்லாரிடமும் ஒரே விளக்கம். ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற பதிலுக்கு இடம் கொடுங்கள். கடைசியாக, வாக்காளராகப் பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் வழக்கமான பதிவுக்கு அக்டோபர் 19 கடைசி. அழைத்ததில் பத்துப் பேராவது அப்போதுதான் அதை நினைத்துக்கொள்வார்கள்.