10 ஜிகாபிட் லிங்க் போட்டும் பழைய லிங்க்கில் டிராஃபிக் ஏன் போகிறது?

கேள்வி: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 1 ஜிகாபிட் ஃபைபர் இருந்தது. புதிதாக 10 ஜிகாபிட் லிங்க்கும் போட்டோம். சிஸ்கோ ரவுட்டர்கள்; வழியைத் தேர்ந்தெடுப்பது ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்ற ரவுட்டிங் புரோட்டோகால். டிராஃபிக் இரண்டிலும் பிரிந்து போய், பழைய லிங்க் திணறுகிறது. அதை பேக்கப்பாக மட்டும் வைக்க முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். ரவுட்டர்களின் கண்ணுக்கு இப்போது இரண்டு லிங்க்கும் ஒன்றுபோலத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

ஓஎஸ்பிஎஃப்பில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் லிங்க்குகள் எவை, ஒவ்வொன்றின் காஸ்ட் (அந்த லிங்க்கில் போவதற்கான 'விலை' எண்) எவ்வளவு என்று எல்எஸ்ஏ (LSA) என்ற ஓர் அறிவிப்பை அனுப்பும். அது ஏரியா (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஒரு பகுதி) முழுக்கப் பரவும். கடைசியில் எல்லா ரவுட்டர்களிடமும் ஒரே வரைபடம் இருக்கும். அதை வைத்து, டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட அல்காரிதப்படி, மொத்த காஸ்ட் குறைந்த வழியை ஒவ்வொன்றும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டு வழிகள் சமமாக வந்தால் இரண்டிலும் பிரித்து அனுப்பும்.

வில்லங்கம் காஸ்ட் கணக்கில்தான். சிஸ்கோ ஐஓஎஸ் 100 மெகாபிட்டை லிங்க்கின் வேகத்தால் வகுக்கிறது. 1 ஜிகாபிட்டுக்கு 0.1, 10 ஜிகாபிட்டுக்கு 0.01 வரவேண்டும். ஆனால் காஸ்ட் 1-க்குக் கீழே இறங்காது. இரண்டுக்கும் 1 விழுகிறது. 100 மெகாபிட் ஃபாஸ்ட் ஈதர்நெட்டே பெரிய வேகமாக இருந்த காலத்து டீஃபால்ட் இது. சிஸ்கோவின் நெக்ஸஸ் சுவிட்ச்களில் இந்த 100 மெகாபிட்டுக்குப் பதில் 40 ஜிகாபிட் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டும் கலந்த நெட்வொர்க்கில் குழப்பம் இன்னும் கூடும்.

ஓஎஸ்பிஎஃப் கான்ஃபிகில் 'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000' (auto-cost reference-bandwidth 100000) என்று கொடுங்கள்; வகுக்கப்படும் அந்த 100 மெகாபிட் இப்போது 100000 மெகாபிட் ஆகிவிடும். 10 ஜிகாபிட்டுக்கு 10, 1 ஜிகாபிட்டுக்கு 100 என்று காஸ்ட் மாறிவிடும். எல்லா ரவுட்டர்களிலும் கொடுக்க வேண்டும். எல்எஸ்ஏவில் போவது கணக்கிட்டு முடித்த காஸ்ட் என்பதால், ஒன்றிரண்டை விட்டுவிட்டாலும் லூப் (பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வருவது) வராது. ஆனால் மாற்றாத ரவுட்டர்கள் மலிவாகத் தெரிந்து டிராஃபிக் அந்தப் பக்கம் சாயும். அவசரமென்றால் பழைய லிங்க்கின் இரு முனையிலும் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 100' (ip ospf cost 100) போதும். ஒரு முனையில் மட்டும் போட்டால் அந்தத் திசை மட்டுமே மாறும்.

அப்புறம் மறுபக்கத்துக்குப் போகும் வழியாகப் பழைய லிங்க் ரவுட்டிங் டேபிளில் தெரியாது. பயப்பட வேண்டாம், அந்த லிங்க்கில் இரு ரவுட்டர்களுக்கும் நடுவே உள்ள ஓஎஸ்பிஎஃப் நெய்பர் உறவு அப்படியே இருக்கும். புதிய லிங்க்கின் ஃபைபர் அறுந்து இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் போர்ட்) டவுன் ஆனால் மாற்றம் சட்டென்று நடக்கும். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) இருந்து இன்டர்ஃபேஸ் அப் ஆகவே நின்றால்தான் சிக்கல்: நெய்பர் அவ்வப்போது அனுப்பும் ஹலோ செய்தி வராமல் 40 விநாடி டெட் டைமர் முடியும்வரை ரவுட்டர் காத்திருக்கும். அப்படி அமைப்பு இருந்தால் லிங்க் செத்ததைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் பிஎஃப்டியையும் (BFD) சேர்த்துப் போட்டுவிடுங்கள்.