விதை முளைத்ததா, எண்ணிப் பார்த்தீர்களா? பள்ளி வேளாண் செய்முறை: கேள்வி-பதில்

கே: எங்கள் பள்ளி மண்ணில் எந்தப் பயிர் நன்றாக வரும்? (பிளஸ் 1 மாணவர்)

ப: எந்த ஊர், செம்மண்ணா கரிசலா, தண்ணீர் கிணறா போரா, ஒன்றும் எழுதவில்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முதலில் மண் மாதிரி எடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் அரை அடிக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கும் கால் பங்கு முறையில் அரை கிலோவாகக் குறையுங்கள். மரத்தடி, வரப்பு, எருக்குழிப் பக்கம், சத்துணவுக் கூடத்துக் கழிவுநீர் ஓடும் இடம், இவை வேண்டாம். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கூடவே ஆய்வுக்குக் கொடுங்கள்.

கே: ஜூனில் பள்ளி திறந்ததும் 5 சென்ட்டில் நிலக்கடலை போடலாமா? (ஆசிரியை, தருமபுரி மாவட்டம்)

ப: கடலைக்கு ஏறத்தாழ 105 நாள். ஜூன் நடுவில் விதைத்தால் அறுவடை காலாண்டு விடுமுறையில் வந்து விழும். செடி பிடுங்க ஆள் இருக்காது. பள்ளித் தோட்டத்தில் பட்டத்தோடு (விதைக்கும் பருவம்) தேர்வு அட்டவணையையும் பார்த்துத்தான் பயிர் வைக்க வேண்டும். 3 சென்ட்டில் உளுந்து போடுங்கள், 70 நாளில் முடியும். மீதியில் அரைக்கீரையும் முள்ளங்கியும். கீரை 25 நாளில் கைக்கு வந்துவிடும். விதைத்தவர்களே அறுத்தும் பார்த்தால் அடுத்த வகுப்புக்குத் தானாக வருவார்கள்.

கே: ரைசோபியம் கலந்த உளுந்து விதையை நன்றாக வெயிலில் காயவைத்தோம். சரிதானே?

ப: தவறு. ரைசோபியம் என்பது பயறுச் செடியின் வேரில் வாழ்ந்து தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் பாக்டீரியா. வெயிலில் அது செத்திருக்கும். ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும், உடனே விதைக்கலாம். விதைப் பையின் அட்டையைப் படித்தீர்களா? பூஞ்சாணக் கொல்லி கலந்த விதை என்றால் 24 மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் ரைசோபியம்.

கே: செய்முறைத் தேர்வு வருகிறது. முளைப்புத்திறன் சோதனையைச் செய்ய நேரமில்லை. ரெக்கார்டு நோட்டில் எத்தனை சதவீதம் எழுதினால் மதிப்பெண் குறையாது? (பிளஸ் 2 மாணவர்)

ப: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வருத்தமாக இருந்தது. தப்பு முழுக்க உங்களுடையது அல்ல. புறத்தேர்வாளராக நான் போன ஒரு பள்ளியில் வகுப்பு முழுக்க 92 சதவீதம் எழுதியிருந்தார்கள். படங்கள் அச்சுப் போல இருந்தன. இயல்பற்ற நாற்று எப்படி இருக்கும் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. போன வருட நோட்டைப் பார்த்து இந்த வருட நோட்டு, அதைப் பார்த்து அடுத்த வருடம் என்று போனால், வயலில் கால் வைக்காமலே வேளாண்மை படித்து முடித்துவிடலாம்.

நேரமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். உளுந்துக்கு ஏழு நாள் போதும், உங்கள் வேலை மொத்தம் ஒரு மணி நேரம். முளைப்புத் தாள் இருந்தால் நல்லது, இல்லையென்றால் சுத்தமான துணி. நனைத்து, சொட்டாமல் பிழிந்து, நூறு விதையை வரிசையாக அடுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்டி நிமிர்த்தி வையுங்கள். காயாமல் தண்ணீர் தெளித்து, ஏழாம் நாள் பிரியுங்கள். வேரும் தண்டும் சீராக வந்தவை ஒரு பக்கம். வேர் தடித்துக் குட்டையாக நின்றவை, குருத்து உடைந்தவை, அதாவது இயல்பற்ற நாற்றுகள், தனி. தண்ணீரே குடிக்காமல் கல்லாகக் கிடப்பவை கடின விதை, அவை தனி. நசுக்கினால் கூழாகி நாறுபவை செத்தவை. எண்ணுங்கள். சான்று விதைக்கு உளுந்தில் குறைந்தது 75, நெல்லில் 80 வேண்டும். உங்களுக்கு 61 வந்தால் 61 என்றே எழுதுங்கள். விதை எங்கே வாங்கியது, அட்டையில் சோதனைத் தேதி என்ன, வகுப்பறையில் எப்படிச் சேமித்தோம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அதற்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வாளர் இருந்தால், வெட்கப்பட வேண்டியவர் அவர்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: 92 என்று எழுதிப் பழகிய பிள்ளை, நாளை விதைக் கடையில் முளைக்காத விதையைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காது.

கே: அவரையில் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி). மாணவர்களை வைத்தே மருந்து அடிக்கலாமா?

ப: கூடாது. டப்பாவில் நச்சு குறைவு என்று காட்டும் பச்சை முக்கோணம் இருந்தாலும் கூடாது. மாணவர் கையில் பூச்சிக்கொல்லி டப்பாவே போகக்கூடாது, எத்தனை முறை கேட்டாலும் இதுதான் பதில். வேப்பங்கொட்டைப் பருப்பு அரை கிலோவை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

கே: மகள் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை எடுத்திருக்கிறாள். பட்டப்படிப்புக்குப் போக முடியாது என்கிறார்களே?

ப: முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புகளில் தொழிற்கல்விப் பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அந்தந்த வருடத்துத் தகவல் கையேட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டார் சொல்வதை நம்பாதீர்கள்.

கே: ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து என்றால் 10 சென்ட்டுக்கு யூரியா எவ்வளவு?

ப: யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஏக்கருக்கு ஏறத்தாழ 87 கிலோ, 10 சென்ட்டுக்கு 9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள். தராசில் நிறுத்துப் போடுங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.