வலது பக்கத்து சீட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் 1942 டூலிட்டில் ரெய்டு பத்தி எழுதினத படிச்சேன், அமெரிக்காக்காரங்க கப்பல்ல இருந்து கெளம்பி போய் டோக்கியோ மேல குண்டு போட்ட கதை. நல்லா இருந்துச்சு, ஆனா முழுக்க அதுக்குத் தலைமை தாங்கின டூலிட்டில் புராணம். அவர் பக்கத்துலயே உக்காந்து போன கோ-பைலட் ரிச்சர்ட் கோல் ஒரே வரில வந்துட்டு காணாமப் போயிடுறார். எங்கப்பா லாரி டிரைவர். கிளீனர் இல்லாம ஒரு நைட் லோடு கூட எடுத்தது இல்ல. கோ-பைலட்டுங்கறது கிளீனர் மாதிரிதானா சார், இல்ல அவருக்குன்னு தனியா வேலை இருக்கா?

– சங்ககிரியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குட்டு சரியான எடத்துல விழுந்துருக்கு, வாங்கிக்கிறேன்.

கிளீனர் இல்லைங்க, செகண்ட் டிரைவர்னு வேணா சொல்லலாம். அவங்க ஓட்டின பி-25 குண்டுவீச்சு விமானத்துல ரெண்டு சீட்டுக்கு முன்னாடியும் ஸ்டியரிங் உண்டு, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. கெளம்பறப்ப பைலட்டோட கண்ணு வெளியில இருக்கும், கோ-பைலட்டோட கண்ணு மீட்டர்ல இருக்கும், ஸ்பீடு என்ன, ரெண்டு இன்ஜினும் ஒழுங்கா இழுக்குதா, அப்புறம் மேல எழும்பினதும் சக்கரத்த உள்ள இழுக்கறது, றெக்கைப் பின்னாடி இருக்கற ஃப்ளாப்ப ஏத்தறது. பைலட்டுக்கு ஏதாவது ஆயிட்டா அப்புறம் எல்லாமே இவர் கையிலதான்.

இதுல வேடிக்கை என்னன்னா கோல் டூலிட்டிலத் தேடிப் போகல. டிரெயினிங்ல அவரோட பைலட்டுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, அந்த எடத்துல வந்து உக்காந்தவர்தான் டூலிட்டில். 26 வயசுப் பையனுக்குப் பக்கத்துல நாடே கொண்டாடின ரேஸ் பைலட்.

ஏப்ரல் 18 காலைல நடந்தத நான் டூலிட்டில் பக்கமிருந்து மட்டும் எழுதிட்டேன், இப்ப வலது சீட்லேந்து பாருங்க. விமானங்கள ஏத்திட்டுப் போன ஹார்னெட் கப்பல ஜப்பானோட ரோந்துப் படகு பாத்துடுச்சு, அதனால பிளான் பண்ணதுக்கு பல மணி நேரம் முன்னாடியே, கரைக்கு இன்னும் 1,200 கிலோமீட்டர் இருக்கறப்பவே கெளம்ப வேண்டியதாப் போச்சு. வழக்கமா 646 கேலன் பெட்ரோல் புடிக்கற வண்டில 1,141 கேலன் ஊத்தியிருக்காங்க. முதல் விமானம் இவங்களோடது, ஓடறதுக்கு 467 அடிதான். டெக்ல வெள்ளைக்கோடு போட்டிருந்தாங்க, சக்கரம் அந்தக் கோட்ட விட்டு நகரக்கூடாது, ஏன்னா கப்பலோட டவர் நிக்கறது வலது பக்கம், றெக்கை நுனிக்கும் அதுக்கும் நடுவுல ஆறடிதான் இடைவெளி. வலது பக்கம்னா கோல் உக்காந்திருந்த பக்கம். கப்பல் மூக்கு அலைல இறங்கறப்ப ஓட ஆரம்பிச்சு, அது மேல தூக்கறப்ப முனைய தாண்டணும். அந்த நேரத்துல ஜன்னல் பக்கம் திரும்பாம மீட்டரையே பாத்துட்டு இருக்கணும்னா எவ்ளோ நெஞ்சழுத்தம் வேணும்!

குண்டு போட்டது சில நிமிஷம்தான். அதுக்கப்புறம் சீனாவுக்குப் போய் இறங்கணும், ஆனா ராத்திரி, மழை, வழிகாட்ட வேண்டிய ரேடியோ சிக்னலும் இல்ல. சுமார் 13 மணி நேரம் பறந்து பெட்ரோல் தீர்ந்து அஞ்சு பேரும் பாராசூட்ல குதிச்சாங்க. கோல் கயித்த இழுத்த வேகத்துல தன் கையாலயே தன் கண்ணுல குத்து விட்டுக்கிட்டார், அன்னிக்கு அவருக்குப் பட்ட பெரிய காயமே அதுதான். பாராசூட் ஒரு பைன் மரத்துல மாட்டிக்கிச்சு. ராத்திரி முழுக்க மரத்து மேலயே இருந்துட்டு விடிஞ்சதும் காம்பஸ் பாத்து மேற்கால நடந்தார். (டூலிட்டில் விழுந்தது மனுஷக் கழிவு உரம் போட்ட நெல்வயல்ல. இத போன தடவையே எழுதியிருக்கணும்.)

இவங்களுக்கு சோறு போட்டு ஒளிச்சு வச்சது சீன கிராமத்து ஜனங்க. அதுக்குப் பழி வாங்க ஜப்பான் ராணுவம் சீனாவோட ஜெஜியாங் மாகாணத்துப் பக்கம் எறங்கி ஊர் ஊரா கொளுத்துச்சு, செத்தவங்க 2.5 லட்சம்னு ஒரு கணக்கு. டோக்கியோல ஆன சேதம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. இத விட்டுட்டு ரெய்டப் பத்தி மட்டும் பேச எனக்கு மனசு வரமாட்டேங்குது.

ரெய்டுக்குப் போன எண்பது பேர்ல பலர் ஊர் திரும்பிட்டாங்க, கோல் திரும்பல. நம்ம அசாம்லேந்து இமயமலையத் தாண்டி சீனாவுக்கு சரக்கு ஏத்திட்டுப் போற 'ஹம்ப்' ரூட்ல ஓட்டினார். 1944 மார்ச்ல சில்சார் பக்கத்துல லாலாகாட்லேந்து பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டோட சிண்டிட்ங்கற படைய ராத்திரில பர்மா காட்டுக்குள்ள இறக்கினாங்க இல்லையா, அதுலயும் சி-47ங்கற சரக்கு விமானத்த ஓட்டினார். பின்னாடி கயித்துல கிளைடர, அதாவது இன்ஜின் இல்லாத விமானத்த, கட்டி இழுத்துட்டு இருட்டுல மலை தாண்டணும். எனக்கென்னவோ டோக்கியோவ விட இதுதான் கஷ்டமான டியூட்டினு தோணுது, ஆனா இதப் பத்தி அவர்கிட்ட யாரும் அவ்ளோவா கேக்கல.

2019 ஏப்ரல் 9ல 103 வயசுல இறந்தார். எண்பது பேர்ல கடைசி ஆள் அவர்தான். பேட்டில எல்லாம் 'என் வேலையச் செஞ்சேன்'ங்கற மாதிரிதான் பேசுவார், அதுக்கு மேல எதையும் அவர் வாயிலேந்து புடுங்க முடியாது.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. தொப்பூர் கணவாய்ல ராத்திரி லோடோட இறங்கறப்ப கிளீனர் என்னென்ன பாத்துக்குவார்னு உங்கப்பாகிட்ட வெலாவாரியா கேட்டு எழுதுங்க. கிளீனர் இல்லைன்னு மேல அவ்ளோ உறுதியா சொல்லிட்டேன், இப்ப யோசிச்சா எனக்கே சந்தேகமா இருக்கு.